பிளெண்டிங்குக்கு ‘ஒலிகூட்டல்’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழுமத்தார்க்கு வணக்கம்.

ஆங்கில எழுத்தறிவுச் செயலியில் சி, ஏ, டி (c, a, t) ஆகியவற்றின் ஒலிகளைத் தனித்தனியே கேட்கச்செய்து, பின்பு இடைவெளியின்றி இழைத்துக் ‘கேட்’ (cat) என்று வாசித்துக் காட்டும் ‘பிளெண்டிங்’ (blending) பொத்தானுக்குத் தமிழில் ‘கலத்தல்’, ‘புணர்த்தல்’ என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. கலத்தல் என்றால் பிள்ளைகளுக்கு வண்ணம் குழைப்பதுதான் நினைவுக்கு வரும். புணர்ச்சியோ நிலைமொழியும் வருமொழியும் சேர்வதைக் குறிக்கும் இலக்கணச் சொல். இங்கே சேர்பவை ஒரே சொல்லுக்குள் உள்ள ஒலிகள்.

வாசிக்கத் தொடங்கும் பிள்ளையிடம் ‘எழுத்துக் கூட்டிப் படி’ என்றுதானே காலங்காலமாகச் சொல்லி வருகிறோம்? அந்த வழக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பில் எழுத்துக் கூட்டச் சொன்னால், பிள்ளைகள் ‘சி, ஏ, டி’ என எழுத்தின் பெயர்களையே ஒப்பிப்பதுதான். அப்பெயர்களை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ கிடைக்காது. ஆகவே ஸ்பெல்லிங்குக்கு ‘எழுத்துக்கூட்டல்’ என்றும் பிளெண்டிங்குக்கு ‘ஒலிகூட்டல்’ என்றும் பிரித்துக்கொள்வோம். (ஒலியைக் கூட்டல் என விரிவதால் வல்லினம் மிகாது.) க் என்ற மெய்யோடு ஆ சேர்ந்து கா ஆவதை முன்பே கற்ற பிள்ளைக்கு இச்சொல்லின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

இவ்வேறுபாடு நிரலிலும் தேவை. ஈஸ்பீக் என்ஜி (eSpeak NG) போன்ற, எழுத்தைப் பேச்சாக்கும் பேச்சொலிப்பி, ஒற்றை எழுத்தை உள்ளிட்டால் அதன் பெயரையே சொல்லும். ஒலியனை (சொற்களை வேறுபடுத்தும் ஒலியலகை) தனியே குறித்துக் கொடுத்தால்தான் ஒலி வரும். ஆகையால் ‘எழுத்துப்பெயர்’, ‘எழுத்தொலி’ என இரு பொத்தான்கள் வேண்டும். பகரம், மகரம் என்று எழுத்தின் பெயரை ஒலியிலிருந்து பிரித்துச் சொல்லும் மரபு நம்மிடம் இருப்பதால் இதுவும் புதுமையன்று.

26 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 44 ஒலிகள் உள்ள மொழியைக் கற்பிக்கையில், உதவிக் குறிப்புகளும் தமிழொலியிலிருந்தே தொடங்கட்டும். பி (b) என்ற எழுத்தின் ஒலிக்குப் ‘பம்பரத்தின் இரண்டாவது ப’ என்று எழுதினால் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கம் மலையாளம் எழுதப் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இக்குறிப்பு தேவைப்படாமலும் போகலாம்; மலையாள எழுத்தில் பம்பரத்தின் முதல் ப, இரண்டாவது ப ஆகிய இரு ஒலிகளுக்கும் (p, b) வெவ்வேறு வடிவங்கள் உள்ளன.

‘ஒலிகூட்டல்’ குறித்து மறுப்பிருப்போர் மாற்றுச்சொல்லுடன் எழுத வேண்டுகிறேன். ‘எழுத்தொலி’யைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் மகிழ்வேன், கைப்பேசித் திரையில் அந்தப் பொத்தானுக்கு இடம் மிகக் குறைவு.