கியூ.ஓ.எஸ். போட்டும் மதிய ஃபோன் கால்களில் குரல் விட்டுவிட்டு வருகிறது: வைஃபை உதவி தேவை

நொய்யல்_ஐடி எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மெர்ச்சண்டைசர்கள் லேப்டாப்பில் சாஃப்ட்போன் வைத்துப் பேசுகிறார்கள். மேலே பேக்கிங் ஹாலில் வைஃபை ஹேண்ட்செட்கள் இருக்கின்றன. பையர்கள் எல்லோரும் ஐரோப்பா. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதிலிருந்து மாலை வரை கால்தான். காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. மதியம் ஆனதும் குரல் உடைகிறது, சில கால்களில் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேர்கிறது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று நிற்கிறார்கள். ஆர்டர் விலை பேசும்போது இப்படி ஆனால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்கே தெரியும்.

இணைப்பு கேபிள் பிராட்பேண்ட், கீழே (இறக்க) 100 எம்பிபிஎஸ், மேலே (ஏற்ற) 10. ரவுட்டரில் ஓடுவது ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள். ஃபயர்வாலில் விதி எழுதி, வெளியே போகும் குரல் பாக்கெட்டுகளுக்கு டி.எஸ்.சி.பி. 46 (இது குரல் என்று சொல்லும் எண்) குறி போட்டு, அவற்றுக்குத் தனி முன்னுரிமை வரிசையும் வைத்திருக்கிறேன். இரண்டு ஆக்சஸ் பாயின்ட்களிலும் வைஃபையின் முன்னுரிமை முறையான டபிள்யூ.எம்.எம். ஆன். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 முழுசாக வருகிறது. இப்படி முன்னுரிமை (கியூ.ஓ.எஸ்.) கொடுத்தும் ஏன் உடைகிறது? எங்கே பார்ப்பது?

கேபிள்காரர் எழுதியது:

பிளானை 300க்கு ஏத்துங்க சார். நாற்பது பேர் ஆபீஸுக்கு 100 எப்படிப் பத்தும்?

பழைய_அட்மின் எழுதியது:

எங்கள் இடத்தில் டபிள்யூ.எம்.எம்.-ஐ அணைத்ததும் கால் சரியாகிவிட்டது. முயன்று பாருங்கள்.

அலைவரிசை எழுதியது:

நொய்யல் சார், பிளான் மாற்றுவதையும் டபிள்யூ.எம்.எம்.-ஐத் தொடுவதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்கத்தில் ஒரு கால் ஒரு திசையில் சுமார் 80 கிலோபிட் தான் பிடிக்கும்: விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றும் 200 பைட். பத்துப் பேர் சேர்ந்து பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டாது. அளவு உங்கள் பிரச்சினை இல்லை, காத்திருப்புதான் பிரச்சினை.

டபிள்யூ.எம்.எம்.-ஐ அணைத்தால் இன்னொரு கேடு வரும். 802.11என் என்ற வைஃபை தரம், அதற்குப் பின் வந்த வேகங்கள் எல்லாம் அது இருந்தால்தான் இயங்கும். அணைத்த உடனே எல்லாக் கருவியும் பழைய 54 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். பழைய_அட்மின் அண்ணா, உங்கள் இடத்தில் யாரும் லிங்க் வேகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

இப்போது எனக்கு வேண்டியது மூன்று பிங் (ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை). ஒன்று, கம்பியில் இருக்கும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு. இரண்டு, அதே கணினியிலிருந்து 8.8.8.8-க்கு (இணையத்தில் உள்ள கூகுள் சர்வர்). மூன்று, பேக்கிங் ஹாலில் வைஃபை லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு. மூன்றையும் சும்மா இருக்கும்போது கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், பிறகு ஒரு பெரிய ஃபைலை டிரைவில் ஏற்றிக்கொண்டே ஓட்டுங்கள். சராசரி வேண்டாம், அதிகபட்சத்தைச் சொல்லுங்கள். குரலைக் கெடுப்பது அதுதான்.

நொய்யல்_ஐடி எழுதியது:

பார்த்துவிட்டேன் மேடம். கம்பியிலிருந்து ரவுட்டருக்கு எப்போதும் 1 மில்லிசெகண்டுக்குள். 8.8.8.8-க்குச் சும்மா இருக்கும்போது 18, ஏற்றும்போது 850 வரை போகிறது! ஹாலில் ரவுட்டருக்கு வழக்கமாக 4, 5. இடையிடையே 60, 70 என்று குதிக்கிறது. ஃபைல் ஏற்றாவிட்டாலும் குதிக்கிறது.

இன்னொன்று. என் போனிலிருந்து பிங் அடித்தால் யாரும் எதுவும் செய்யாதபோதே சில நேரம் 100 காட்டுகிறது. அதுவும் இதேதானா?

அலைவரிசை எழுதியது:

போனில் வரும் அந்த 100-ஐ விட்டுவிடுங்கள். பேட்டரி சேமிக்க போன் ரேடியோவை உறங்கவைத்துவிட்டு, ஆக்சஸ் பாயின்ட் பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்பும்போது மட்டும் விழித்துப் பார்க்கும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கால் ஓடும்போது போன் இப்படி உறங்காது.

உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வியாதி. பெரியதை முதலில் பார்ப்போம், அந்த 850.

உங்கள் முன்னுரிமை வரிசை ரவுட்டரில் இருக்கிறது. ஆனால் ரவுட்டரிலிருந்து மோடத்துக்குப் போகும் கம்பி 1 கிகாபிட். உள்ளே வந்த பாக்கெட் அந்த நொடியே மோடத்துக்குப் போய்விடுகிறது, ரவுட்டரில் எதுவும் தேங்குவதே இல்லை. தேங்காத இடத்தில் யாரை முன்னால் விடுவது? எல்லாம் போய்க் குவிவது மோடத்துக்குள். அங்கிருந்து வெளியே 10 எம்பிபிஎஸ் தான் போக முடியும். மோடத்துக்கு உங்கள் 46 குறி எதுவும் தெரியாது, வந்த வரிசையில் அனுப்பும். அதற்குள் 1 எம்பி தேங்கினாலே, அதாவது 8 மெகாபிட், வெளியேற 0.8 விநாடி ஆகும். உங்கள் 850 அப்படியே அதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.-வின் ஜி.114 பரிந்துரைப்படி ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும், 400-ஐத் தாண்டக் கூடாது. நீங்கள் இரு மடங்கில் இருக்கிறீர்கள்.

மதியம் மட்டும் வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். பையர் எழுந்ததும் சாம்பிள் படம், டெக் பேக் (ஆடையின் விவரக் கோப்பு) எல்லாம் ஏற்றத் தொடங்குவீர்கள் இல்லையா?

நொய்யல்_ஐடி எழுதியது:

ஆமாம், சரியாக அதே நேரம்தான். போட்டோ எடுக்கும் தம்பி சாப்பிட்டு வந்ததும் மொத்தமாக ஏற்றுவான். சிசிடிவியும் கிளவுடுக்குப் போகிறது. அப்படியானால் வரிசையை மோடத்திலிருந்து ரவுட்டருக்குக் கொண்டுவர முடியுமா?

அலைவரிசை எழுதியது:

முடியும், அதைத்தான் செய்ய வேண்டும். ரவுட்டர் வெளியே அனுப்பும் வேகத்தை, இணைப்பின் உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே நீங்களே கட்டிவிட வேண்டும். அப்போது மோடத்தில் எதுவும் தேங்காது, தேங்குவதெல்லாம் ரவுட்டரில்தான். அங்கே நீங்கள் சொல்வது நடக்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி-இல் வரிசையை நிர்வகிக்கும் எஸ்.கியூ.எம். பேக்கேஜைப் போடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் மேல்வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 95 சதவீதம் வையுங்கள். உங்களுக்கு 8.5-இல் தொடங்கலாம். கீழ்வேகத்துக்கு 90. வரிசை முறையாகக் கேக் என்பதைத் தேர்ந்தெடுங்கள், 2018-இல் லினக்ஸ் 4.19-இலேயே வந்துவிட்டது. அதில் பாக்கெட்டுகளை நான்கு பிரிவாக்கும் டிஃப்சர்வ்4 வைத்தால் 46 குறி உள்ள பாக்கெட் குரல் பிரிவுக்குப் போகும். கேபிள் மோடம் என்பதால் ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் சுமை) 18 பைட். ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் (மென்பொருளைத் தொடாமல் சிப்பே பாக்கெட்டை அனுப்புவது) ஆன் ஆகி இருந்தால் கட்டாயம் அணையுங்கள், இல்லையென்றால் பாக்கெட்டுகள் எஸ்.கியூ.எம்.-ஐத் தொடாமலே சுற்றிப் போய்விடும். பலர் இதை விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள்.

உண்மையில் இங்கே குறியை விட முக்கியமான வேலையைச் செய்வது, வரிசையைக் குட்டையாக வைத்திருப்பதுதான். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கொண்டுவந்த கோடெல் முறை, எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று எண்ணாது, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்ட் தொடர்ந்து பாக்கெட்டுகள் 5 மில்லிசெகண்டை விட அதிகம் நின்றால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும், ஏற்றும் கணினி தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். கேக் அதே வழியில் வந்தது, ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்தும் வைக்கும். அந்தத் தம்பியின் படங்கள் போய்க்கொண்டே இருக்கும், காலுக்குப் பக்கத்தில் வராது.

நொய்யல்_ஐடி எழுதியது:

மேடம், அற்புதம். மேல்வேகம் அளந்தால் 9.6 வந்தது, 8.7 வைத்தேன். ஆஃப்லோடிங் ஆன் ஆகித்தான் இருந்தது. இப்போது எவ்வளவு ஏற்றினாலும் 8.8.8.8-க்கு 30 தாண்டவில்லை. கீழ்த்தளத்தில் மெர்ச்சண்டைசர் அத்தனை பேரும் நிம்மதி.

மேலே பேக்கிங் ஹால் மட்டும் இன்னும் சரியில்லை. அதுவும் ஒரு பக்கம்தான். நாம் பேசுவது பையர்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நம் ஹேண்ட்செட்டில் உடைகிறது.

அலைவரிசை எழுதியது:

எந்தப் பக்கம் உடைகிறது என்று பார்த்துச் சொன்னது பாதி வேலையை முடித்துவிட்டது. ஹேண்ட்செட்டிலிருந்து மேலே போவது நன்றாக இருக்கிறது, ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து ஹேண்ட்செட்டுக்கு வருவதுதான் கெடுகிறது. இரண்டாவது வியாதி இது. மோடத்துக்குச் சம்பந்தமில்லை, காற்றில் நடப்பது.

வைஃபையில் டபிள்யூ.எம்.எம். நான்கு வரிசை வைக்கிறது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்கும். குரலுக்கு 0 முதல் 3-க்குள், வீடியோவுக்கு 0 முதல் 7-க்குள், சாதாரணத்துக்கு 0 முதல் 15-க்குள். மோதல் ஆனால் சாதாரணத்தின் எல்லை 1023 வரை விரியும், குரல் 7-இல் நின்றுவிடும். ஆகவே குரல் பெரும்பாலும் முந்தும். பெரும்பாலும்தான், உறுதி கிடையாது.

உங்கள் ஹேண்ட்செட் தன் பாக்கெட்டைத் தானே குரல் என்று குறித்து அனுப்புகிறது, அதனால் போகும் வழி நன்றாக இருக்கிறது. வரும் வழியில், இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் டி.எஸ்.சி.பி. குறியை 0 என்று அழித்துவிட்டுத்தான் கொடுக்கும். ஆக்சஸ் பாயின்ட் அதைப் பார்த்து, யாரோ இறக்கும் ஃபைலோடு சாதாரண வரிசையில் போட்டுவிடும். ரவுட்டரில் இன்னொரு விதி எழுதுங்கள்: குரல் சர்வரிலிருந்து உள்ளே வரும் யு.டி.பி. பாக்கெட்டுக்கு மறுபடி 46.

இங்கே ஒரு நுணுக்கம். பல ஆக்சஸ் பாயின்ட்கள் டி.எஸ்.சி.பி.-யின் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்க்கும். 46-ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. முதல் மூன்று 101, அதாவது 5. வைஃபையில் 5 என்றால் வீடியோ வரிசை. குரலுக்கு 6 வேண்டும். 2018-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 8325 இதைத் திருத்தச் சொல்கிறது, புதிய கருவிகளில் சரியாக இருக்கும், பழையவற்றில் மேப்பிங்கை நீங்களே மாற்ற வேண்டியிருக்கும். மாற்ற இடமில்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். வீடியோ வரிசையே போதும், சாதாரணத்தில் கிடப்பதுதான் ஆகாது.

கேபிள்காரர் எழுதியது:

ஒரு சந்தேகம் மேடம். அப்படின்னா எம்.டி. லேப்டாப்பில் இருந்து வர்றது எல்லாத்தையும் குரல்னு குறிச்சுட்டா அவருக்கு எப்பவும் வேகமா இருக்குமே?

அலைவரிசை எழுதியது:

வேண்டவே வேண்டாம் சார். குரலுக்கு 0, 1, 2, 3 என்று நான்கே எண்கள். பெரிய டவுன்லோடை அதில் தள்ளினால் உண்மையான கால்கள் அதோடு மோதி அடிபடும். அதோடு குரல் வரிசை ஒருமுறை காற்றைப் பிடித்தால் 1.5 மில்லிசெகண்ட் தான் வைத்துக்கொள்ள முடியும், சின்னப் பாக்கெட்டுக்காக அமைத்தது. டவுன்லோடு அதில் வேகமாகப் போகவும் போகாது.

லேப்டாப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரில் போடும் குறி, லேப்டாப்பிலிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வரும் வழிக்கு உதவாது. அங்கே லேப்டாப்தான் குறிக்க வேண்டும். விண்டோஸில் குரூப் பாலிசிக்குள் பாலிசி அடிப்படையிலான கியூ.ஓ.எஸ். என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் சாஃப்ட்போன் செயலிக்கு மட்டும் 46 கொடுங்கள்.

நொய்யல்_ஐடி எழுதியது:

விதி எழுதிவிட்டேன், ஹாலில் நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் பார்கோடு ஸ்கேன் நடக்கும்போது இன்னும் அங்கங்கே ஒரு சொல் விழுகிறது. ஆக்சஸ் பாயின்ட் பட்டியலில் பார்த்தால் ஹாலின் கடைக்கோடியில் இரண்டு பழைய ஸ்கேனர்கள் 1 எம்பிபிஎஸ்-இல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹேண்ட்செட்களும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான்.

அலைவரிசை எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். ஃபைல் ஏற்றாதபோதும் குதித்த அந்த 60, 70-க்கு இவையே காரணமாக இருக்க வேண்டும். 1 எம்பிபிஎஸ்-இல் ஒரு 1500 பைட் பாக்கெட் 12 மில்லிசெகண்ட் காற்றைப் பிடித்துக்கொள்ளும். அது போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் யாரும் குறுக்கிட முடியாது, குரல் வரிசையாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அதுவே தவறிப்போய் மறுபடி மறுபடி அனுப்பினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்செட்களில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் இன்றே அங்கே மாற்றுங்கள். 2018-இல் அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது, இடம் தாராளம். சேனல் அகலம் 20 அல்லது 40 போதும், குரலுக்கு 80 தேவையில்லை. இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டும் வேறு வேறு சேனலில் இருக்கட்டும்.

நொய்யல்_ஐடி எழுதியது:

ஹேண்ட்செட்களில் 5 இருக்கிறது, மாற்றிவிடுகிறேன். 2.4-இல் குறைந்த வேகங்களை அணைத்துவிடலாமா? ஸ்கேனர் நின்றுபோனால் பேக்கிங் நின்றுவிடும், புதியது வாங்க அடுத்த மாதம் ஆகும்.

அலைவரிசை எழுதியது:

அவை 802.11பி என்ற பழைய வைஃபை தரம் மட்டும் தெரிந்த கருவிகளாக இருந்தால் 12 எம்பிபிஎஸ்-க்குக் கீழே எல்லாவற்றையும் அணைத்தால் இணைப்பே கிடைக்காது. இப்போதைக்கு 1, 2 இரண்டை மட்டும் அணைத்து, அடிப்படை வேகமாக 5.5 வையுங்கள். அதே பாக்கெட் 12-க்குப் பதில் 2.2 மில்லிசெகண்டில் போய்விடும். கடைக்கோடியில் சிக்னல் அதற்குத் தாங்காமல் ஸ்கேனர் விட்டுப்போகலாம், ஆகவே ஷிஃப்ட் முடிந்த பிறகு மாற்றி, இரண்டு ஸ்கேனரையும் கையில் எடுத்துக்கொண்டு ஹால் முழுக்க நடந்து பாருங்கள். எங்காவது விட்டால் ஆக்சஸ் பாயின்ட்டை அந்தப் பக்கம் சில மீட்டர் நகர்த்துங்கள், 1-ஐத் திரும்பத் திறக்காதீர்கள். புதிய ஸ்கேனர் வந்ததும் 12-க்கு ஏற்றிவிடலாம். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.