மார்பு எக்ஸ்ரே: மனத்தை விட்டு நீங்காத ஒரு படத்தைச் சொல்லுங்கள்

பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்

காய்ச்சலும் இருமலுமாக வந்தவர் வெளியில் எடுத்த படத்தையும் கொண்டு வந்திருந்தார். நுரையீரல் இயல்பாக உள்ளது என்று அறிக்கை சொல்லியது. எங்கள் பேராசிரியர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும், நுரையீரலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், “இதயத்தின் வலது ஓரத்தை விரலால் வரைந்து காட்டுங்கள்” என்றார். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் வளைவு துல்லியமாக இருந்தது. இதயத்தின் வலது ஓரமோ பாதி வழியில் கரைந்து போயிருந்தது. பக்கத்தில் காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால்தான் இதயத்துக்குப் படத்தில் ஓரம் தெரிகிறது. அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் சளியும் சீழும் நிறைந்தால் இரண்டும் ஒரே வெண்மையாகி ஓரம் அழிந்துவிடும். வலது நுரையீரலின் மூன்று பகுதிகளில் (மடல்களில்) இதய ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது நடு மடல், உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருப்பது கீழ் மடல். ஆகவே நோய் நடு மடலில் என்று அங்கேயே முடிவாயிற்று. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் பெஞ்சமின் ஃபெல்சன் பரப்பிய, ஓரம் அழிவதைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் இந்தச் சில்லவுட் (நிழலுரு) குறியை அறியாத மாணவர் இல்லை. ஆனாலும், இருமல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட இருந்த அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே தொழில்நுட்பர், மதுரை

வேறோர் இடத்தில் எடுத்த படத்தில் வலது நுரையீரலின் உச்சியில் வெண்மையான பட்டை தெரிந்ததால், காசநோய்ச் சந்தேகம் என்று எழுதி ஓர் இளம்பெண்ணை அனுப்பியிருந்தார்கள். உடன் வந்த தாயார் வழியெல்லாம் அழுதிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பட்டை நுரையீரலுக்குள் நிற்காமல், காரை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரை ஏறியிருந்தது. நுரையீரல் நோயின் நிழல் அப்படி நுரையீரலைத் தாண்டிக் கழுத்துக்குப் போகாது. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடையை அந்தப் பெண் முன்தோளில் போட்டிருந்தாள். கொண்டையாக உயர்த்திக் கட்டச் சொல்லி மீண்டும் எடுத்தேன். உச்சி முழுக்கக் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. முதல் படம் எடுத்த இடத்தில் சடையை விலக்கச் சொல்ல ஒரு நொடி போதாதா என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

பொது மருத்துவர், நாகர்கோவில்

தஞ்சாவூர் நண்பரின் பதிவை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. வலது இதய ஓரம் மறைந்தாலே நடு மடல் நிமோனியா என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்தார். காய்ச்சலே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னதும் விளங்கிவிட்டது: மார்பெலும்பு உள்வாங்கிக் குழிந்திருந்தது. அத்தகைய மார்பில் இதயம் இடப்பக்கம் தள்ளப்பட்டு, வலது ஓரம் மங்கலாகவே தெரியும். பின்புற விலா எலும்புகள் கிடையாகவும் முன்புற விலா எலும்புகள் செங்குத்தாகச் சரிந்தும் இருப்பதைப் படத்திலேயே காணலாம். பக்கவாட்டுப் படம் எடுத்தால் ஐயமே இராது. ஆளைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பதில் வரும் கேடு இது.

ஒரு குழந்தையின் தந்தை, ஈரோடு

எங்கள் மகன் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தபோது புரையேறி, அதன்பின் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது என்றார்கள்; முதல் படமும் இயல்பாகவே இருந்தது. அவன் அழுது மூச்சை விட்ட நேரம் பார்த்து இன்னொன்று எடுத்தார்கள். இடது நுரையீரல் சுருங்கி வெளுத்திருக்க, வலது நுரையீரல் மட்டும் காற்றை விடாமல் கறுப்பாகவே நின்றது. வலது மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் விழும் என்று விளக்கி, மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டு எடுத்தார்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களை எறிந்துவிடாதீர்கள். உச்சியில் உள்ள ஒரு தழும்பு ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கிறதா, புதிதாக வந்ததா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். மூச்சை நன்றாக இழுத்து அடக்குங்கள். உதரவிதானத்துக்கு மேல் பின்புற விலா எலும்புகள் 9 அல்லது 10 தெரிந்தால் போதிய மூச்சு என்று பொருள். அரைகுறை மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி நோயுற்றதுபோல் மங்கலாகும். வலது உதரவிதானம் இடதைவிடச் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இடப்பக்கம் அதன் கீழே தெரியும் கருங்குமிழ் இரைப்பையில் உள்ள காற்று. இதயத்தின் அகலம் மார்பின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டியிருந்தால் உடனே இதய மருத்துவரிடம் ஓடுங்கள். படுக்கையில் கிடந்த என் மாமனாருக்கு எடுத்த படத்தில் அப்படித்தான் இருந்தது.

எக்ஸ்ரே தொழில்நுட்பர், மதுரை

ஈரோடு நண்பருக்கு: பாதி அகலம் என்ற அளவுகோல், நோயாளி நின்றுகொண்டு, கதிர் முதுகுப்பக்கமிருந்து வந்து, மார்பு தகட்டை ஒட்டியிருக்கும் படத்துக்கே பொருந்தும். படுக்கையில் எடுக்கும்போது கதிர் முன்பக்கமிருந்து வரும். மார்பின் முன்புறத்தில் உள்ள இதயம் தகட்டிலிருந்து விலகி நிற்பதால் நிழல் பெரிதாக விழும். நிற்கவைத்து எடுக்கும்போது எக்ஸ்ரே குழாயை ஏறத்தாழ 180 செ.மீ. தள்ளி வைக்கிறோம், படுக்கையருகே பெரும்பாலும் அவ்வளவு இடம் கிடைக்காததால் பெரிதாகும் அளவு இன்னும் கூடும். மாமனாரின் படத்து மூலையில் ‘ஏபி’ (கதிர் முன்பக்கமிருந்து வந்த படம்) என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் எழுந்து நிற்க முடிகிறபோது மருத்துவரைக் கேட்டு இன்னொரு படம் எடுத்து அதில் அளப்பதுதான் முறை. அதற்குள் கால் வீக்கமோ படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால் படத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.