மறுமொழி: ‘லெவல்’ – நிலையா, வரைபடமா, களமா? (டூம் ஆட்டச் சொற்கள்)

அன்பர்களுக்கு வணக்கம்.

டூம் என்ற பழைய கணினிச் சுடும் ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த லெவல்களைத் தேடி எடுத்து இயக்குவது எப்படி என்ற கையேட்டைத் தமிழில் எழுதும்போது எழுந்த சொற்சிக்கல்களை முன்மடலில் வைத்திருந்தேன். மறுமொழி எழுதிய இருவருக்கும் நன்றி.

> ‘நிலை’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, புழங்கும் சொல்லைக் காரணமின்றிக் கைவிடக் கூடாது என்பதுதான் என் கொள்கையும். ஆனால் ‘நிலை’ இந்த ஆட்டத்தில் தொடக்கத் திரையிலேயே இடறுகிறது. புதிய ஆட்டத்தைத் தொடங்கினால் கடுமையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதில் 5 படிகள். அதையும் ஆங்கிலத்தில் லெவல் என்பார்கள். நாமும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், “மூன்றாம் நிலையைத் தாண்ட முடியவில்லை” என்று உதவி கேட்பவர் தாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறாரா, தேர்ந்தெடுத்த கடுமையைச் சொல்கிறாரா? ஒன்று இடம், மற்றது அளவு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவைத்தது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை. அளவுக்குக் ‘கடுமைப்படி’ என்றும் இடத்துக்குக் ‘களம்’ என்றும் பிரித்துவிடலாம்.

> ‘மேப்’ என்றும் அழைக்கிறார்களே, ‘வரைபடம்’ போதாதா?

போதாது அம்மா. ஆட்டத்தின் நடுவில் டேப் விசையை அழுத்தினால், நீங்கள் கண்ட சுவர்களெல்லாம் கோடுகளாகத் திரையில் விரியும். வரைபடம் என்ற பெயருக்கு உரியது அதுதான். களத்தையும் வரைபடம் என்றால், “வரைபடத்தில் வழி தொலைந்தால் வரைபடத்தைப் பார்க்கவும்” என்று எழுத நேரும்.

போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம் ஆகிய சொற்களை எண்ணிப் பாருங்கள். நிலம் தானாகக் கிடப்பது. களம் ஒரு செயலுக்கென்று திருத்தி அமைப்பது. கதவை எங்கே வைக்கலாம், எந்த மூலையில் எதிரியை நிறுத்தலாம், எத்தனை தோட்டாக்களை விட்டுவைக்கலாம் என்று ஒருவர் இரவெல்லாம் யோசித்து உருவாக்கியதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வழிச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன: ரசிகர் களம், களம் அமைத்தல், அமைப்பவர் ‘களத்தச்சர்’. டூம் 2-இன் 32 களங்களுக்கும் மாற்றாகப் புதுக் களங்களைத் தரும் பெருங்கோப்புக்கு, குறுந்தொகை, கலித்தொகை வழியில் ‘களத்தொகை’. இணைய முகவரிக்கான ‘ஆள்களம்’ முன்னொட்டோடு வருவதால் குழப்பம் நேராது.

‘ரசிகர்’ என்ற சொல் தரக்குறைவாக ஒலிக்கிறது என்ற அச்சம் வேண்டாம். 1996-இல் வெளியான ஃபைனல் டூமின் ஒரு பாதியான ‘டிஎன்டி: எவிலூஷன்’ ரசிகர் குழு ஒன்று இலவசமாக வெளியிடுவதற்காகச் செய்தது. டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே அதை வாங்கி விற்றது.

அடுத்து, என்னை மிகவும் அலைக்கழித்த சொல்: டூமின் தரவுக் கோப்பைக் குறிக்கும் வாட். ‘தரவெல்லாம் எங்கே’ என்ற ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள் அவை. 1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆட்டத்தின் கோப்புகளை ரசிகர்கள் குடைந்து மாற்றியதைப் பார்த்த ஐடி சாஃப்ட்வேரின் நிரலாளர் ஜான் கார்மாக், 1993 டிசம்பரில் டூம் வெளிவந்தபோது களம், படம், ஒலி எல்லாவற்றையும் ஆட்டத்தை இயக்கும் நிரலான ஆட்டப்பொறியிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைத்தார். ரசிகர் களங்கள் இவ்வளவு பெருகியதற்கு அந்த ஒரு முடிவே வாய்க்கால் வெட்டியது.

அந்தக் கோப்பில் இரு வகை. முதல் நான்கு எழுத்துகளே எந்த வகை என்று சொல்லிவிடும்: ஐவாட் அல்லது பிவாட். ஐவாட் ஆட்டத்தோடு வருவது, முழுமையானது. பிவாட் ரசிகர் செய்தது. ஐவாட்டின் மேல் படிந்து, அதே பெயருள்ள பகுதியை மறைத்துத் தன்னுடையதைக் காட்டுவது. தனியாக இயங்காது. புதிதாக வருபவர்கள் பிவாட்டை மட்டும் தரவிறக்கிவிட்டு, திறக்கவில்லையே என்று திகைப்பது இதனால்தான். எனவே உறவை உணர்த்தும் இணைச்சொற்களைப் பரிந்துரைக்கிறேன்: ‘மூலப்பொதி’, ‘மேற்பொதி’. மேலாடை, மேற்பூச்சு என்னும்போது அடியில் ஒன்று இருக்க வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? டூமை விலைக்கு வாங்காதவர்கள் ‘ஃப்ரீடூம்’ என்ற கட்டற்ற மூலப்பொதியை அடியில் வைத்தும் பல மேற்பொதிகளை இயக்கலாம்.

லினக்ஸ் தமிழாக்கங்களில் ‘பொதி’ வேறு பொருளில் வருவதை அறிவேன். ஃப்ரீடூமே அங்கே ஒரு மென்பொருள் பொதியாகத்தான் கிடைக்கிறது. ஆகவே ‘பொதி’ தனித்து நிற்கவே வேண்டாம், முன்னொட்டோடு மட்டும் வரட்டும். பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘வாட் கோப்பு’ என்றே எழுதுவோம். கோப்பின் பின்னொட்டும் அதுதானே.

களங்களின் உட்பெயர்களைத் தமிழாக்கக் கூடாது. முதல் டூமின் தொடக்கக் களம் ஈ1எம்1, டூம் 2-இல் மேப்01. நான் முதன்முதலில் ஒரு மேற்பொதியை இயக்கியபோது பழைய களமே வந்து நின்றது. கோப்புதான் பழுது என்று மூன்று முறை தரவிறக்கினேன். அது டூம் 2-க்கானது. நானோ முதல் டூமின் மூலப்பொதியின் மேல் ஏற்றியிருந்தேன். மேப்01 என்ற பெயரை அந்த ஆட்டம் தேடவே இல்லை. ரசிகர் களங்களைத் திரட்டிவைத்திருக்கும் ஐடிகேம்ஸ் காப்பகத்தில் ஒவ்வொன்றோடும் ஓர் உரைக்கோப்பு இருக்கும். எந்த ஆட்டம், எந்தக் களம், எந்தப் பொறி என்று அதிலேயே எழுதியிருக்கும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடப் போகிறேன்.

> ‘சோர்ஸ் போர்ட்’ – ‘மூலத்துறை’?

இங்கே போர்ட் துறைமுகம் அன்று. ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் நடுவது. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரல் வெளியிடப்பட்டது, 1999-இல் அது, எவரும் மாற்றிப் பகிர இடம் தரும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதை வைத்துப் பலரும் புதிய கணினிகளுக்குப் பொறியைப் பெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பு என்பதைப் போலப் ‘பொறிபெயர்ப்பு’ என்றால் என்ன? நெருங்கிப் பார்த்தால் ஒப்புமை இன்னும் ஆழமாகிறது. சாக்லேட் டூம் பழைய பிழைகளையும் வரம்புகளையும்கூட விடாமல் காக்கும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. ஜிஇசட்டூம் தாராளமான தழுவல். மேலே கீழே பார்க்கலாம், குதிக்கலாம். தழுவலுக்கென்று எழுதிய களம் நேர்பெயர்ப்பில் ஓடாது. காட்சித்தளங்கள் (ஒரே நேரத்தில் திரையில் வரையும் தரை, கூரைப் பரப்புகள்) 128-ஐத் தாண்டினாலே சாக்லேட் டூம் நின்றுவிடும்.

இயக்கும் முறைக்குச் சொற்சிக்கல் இல்லை. பொறிபெயர்ப்பையும் மூலப்பொதியையும் ஒரே கோப்புறையில் வைத்து, மேற்பொதியை இழுத்துப் பொறியின் படவுருமேல் விடுவது. ‘ஏற்று’, ‘இயக்கு’ என்ற இரு வினைகளே போதும்.

மிச்சம் ஒன்று: வாட் கோப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியின் பெயரான ‘லம்ப்’. ‘கட்டி’ என்றால் நோய் நினைவுக்கு வருகிறது, ‘உருண்டை’ வடிவத்தைச் சொல்கிறது. தற்போதைக்குக் ‘கூறு’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு களமே பத்துக் கூறுகளாகத்தான் கோப்பில் கிடக்கிறது என்பதால் அது பொருந்துவதாகவே தோன்றுகிறது. ஆனால் ‘கூறு’ வினையாகவும் வருவதால் கட்டளைப் பட்டியலில் மயங்குமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். வரைவின் முதல் பகுதியை அடுத்த மடலில் இணைக்கிறேன்.

அன்புடன்.