பழைய கசெற் கடிதங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அக்காமார், அண்ணாமார். கொழும்பில் இருந்துகொண்டு தமிழர் புலம்பெயர்வு பற்றி ஆய்வு செய்கிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடா, சுவிஸ் என்று போனவர்கள் குரலைக் கசெற்றில் பதிந்தும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கட அம்மம்மா மாமாவின் கசெற்றைப் போட்டுவிட்டு, அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பா. அது இன்னும் என் காதில் நிற்கிறது.

விசாவுக்காகக் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களோடும் பேச வேண்டும். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் யாழ்ப்பாணத்தில் நடந்த வலிகாம இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவர்களும்தான். அந்தச் சின்ன அறையில் என்ன சமைத்தீர்கள்? பொங்கல் எங்கே பொங்கினீர்கள்? பிள்ளைகள் எந்த மொழியில் விளையாடினார்கள்? போய்ச் சேர்ந்த நாடு மட்டுமல்ல, காத்திருந்த இடமும் எங்களை மாற்றியது என்றே நம்புகிறேன்.

கசெற் இருந்தால் வீட்டுக்கே வந்து பிரதி எடுத்து, கையோடு திருப்பித் தருவேன். பெயர் வெளியில் வராது. உள்பெட்டியில் எழுதுங்கோ.