அப்பாவின் டோக்கனை கேரம் ரூம் மியூசியத்துக்குக் கொடுக்கலாமா?

அல்சூர்வாசி: அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் மூடியதும் பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்டார். போன வருஷம் காலமானார். பரணில் அவருடைய தகரப் பெட்டி இருக்கிறது: தலைக்கவசம், சம்பளச் சீட்டுகள், நம்பர் அடித்த பித்தளை டோக்கன். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டுமாம். ஓர் ஆணி காலியாக இருந்தால் யாரோ இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். கடைசி நாள் மட்டும் மாட்டாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் போல.

எங்கள் தெருவில் தங்கவயல் குடும்பங்கள் நிறைய. சங்கத்து கேரம் ரூமில் பாதியை மியூசியம் ஆக்கலாம் என்கிறார்கள். ஆனால் மாமாவின் போட்டோக்களை முன்பு ஓர் இடத்தில் கொடுத்தோம். பிறகு போய்க் கேட்டால், "எந்த போட்டோ?" என்றார்கள். கொடுக்கலாமா?

ஊரிகம் அக்கா: தம்பி, முதலில் டோக்கனை யாரையும் தேய்க்க விடாதே. என் மாமியார் எங்கள் வீட்டு டோக்கனைப் புளி போட்டுப் பளபளவென்று ஆக்கினார். நம்பரில் பாதி போய்விட்டது. சம்பளச் சீட்டை லேமினேட்டும் செய்யாதே, அப்புறம் பிரிக்கவே முடியாது.

பழைய குமாஸ்தா: கொடுங்கள், ஆனால் ரசீது வாங்கிக்கொண்டு. இரவலா, தானமா, ரூமைக் காலி செய்தால் பொருள் யாருக்கு என்று அதில் இருக்கட்டும். பொருளுக்கு ஒரு நம்பர் போட்டு, அதே நம்பரில் நோட்டுப் புத்தகத்தில் அந்த ஆணிக் கதையையும் எழுதுங்கள். கதை இல்லாவிட்டால் அது காயலான் கடைச் சாமான்தான்.

மாரிகுப்பம் ரயில்: கன்னடத்திலும் எழுதி வையுங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 1902-லேயே கரண்ட் வந்துவிட்டது, பெங்களூருக்கு 1905-ல்தான் என்றால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை! எங்கள் ஏரியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய போட்டோக்களை மேசையில் பரப்பினோம். பேசவே பேசாத ஒரு தாத்தா, பின்வரிசையில் நின்ற நாலு பேரின் பெயரையும் ஷிஃப்டையும் சொன்னார். பேனா தேடுவதற்குள் இரண்டு பெயர் எங்களுக்கு மறந்துவிட்டது. நீங்கள் போனில் ரெக்கார்ட் செய்துவிடுங்கள்.

அல்சூர்வாசி: நன்றி. அக்கா, நேற்றுதான் அம்மா பீதாம்பரிப் பொடியும் கையுமாக நின்றார். டோக்கன் இப்போது என் ஆபீஸ் பையில்.