புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு, கேரளா) நாலாம் வகுப்பும் ஆங்கிலக் கதையும்

தமிழ் வழிப் பிள்ளைகள் ஆங்கிலக் கதை சொன்னால் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தெரிந்த கதையை எடுங்கள், ஒரே வரியைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேளுங்கள் என்று பலர் சொன்னீர்கள். செய்தேன். நல்ல பலன்.

பாட்டி வடை சுட்ட கதைதான். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க மொழியில் நிற்கிறது. "டிட் த க்ரோ ஸ்டீல் எ தோசை?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்பேன். "நோ! வடை!" என்று வகுப்பே கத்தும். அப்புறம், "ஹூ ஸ்டோல் த வடை?" இப்படிக் கேட்டுக் கேட்டே 'ஸ்டோல்' காதில் ஏறிவிட்டது, இலக்கணம் எதுவும் நடத்தவில்லை. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே 1990களில் பரப்பிய முறை இது.

பேசவே பேசாத ஒரு பெண் திடீரென்று, "க்ரோ ஸ்டோல் பழம்பொரி" (இங்கே வாழைப்பழ பஜ்ஜிக்கு அதுதான் பெயர்) என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! தப்பென்று சொல்லாமல், "யெஸ், த க்ரோ ஸ்டோல் எ பழம்பொரி" என்று திருப்பிச் சொன்னேன். அடுத்த முறை அவளே 'த' சேர்த்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள், தயவுசெய்து.

கதையை நடிக்கும்போது நரி வேடத்துக்கு ஏகப்பட்ட போட்டி. எழுதுவதுதான் இன்னும் வரவில்லை. கதையை நாலு படமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதச் சொல்லப் போகிறேன். நடிப்பிலிருந்து எழுத்துக்குக் கொண்டுபோனவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.