உராகாமி பேராலயத்தின் இடிபாடுகளை ஏன் இடித்தார்கள்?

கேள்வி (வழிப்போக்கன்):
ஹிரோஷிமாவில் 1945 அணுகுண்டு வீச்சில் எலும்புக்கூடாய் நின்ற கட்டடத்தை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாகசாகியில் குண்டு வெடித்த இடத்திலிருந்து அரை கிலோமீட்டர்தான் கத்தோலிக்கர்களின் உராகாமி பேராலயம், அங்கும் சில சுவர்கள் விழாமல் நின்றன, காக்கச் சொல்லி நகரிலேயே பலர் குரல் கொடுத்தும் 1958-ல் இடித்துவிட்டு அடுத்த வருஷமே கான்கிரீட்டில் புதுசாகக் கட்டிவிட்டார்கள். உலகத்துக்கே காட்ட வேண்டிய சாட்சி இல்லையா அது? எனக்கு மனசு ஆறவே இல்லை.

பதில் (பனங்காடு):
வேறு இடத்தில் கட்டலாமே என்று அப்போதும் கேட்டார்கள். ஆனால் வேதகலாபனைக் காலத்தில், அதாவது ஜப்பானில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்து கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், ஊர்த் தலைவரின் வீடு இருந்த மனை அது. வருஷா வருஷம் ஊராரை அங்கே வரவழைத்து இயேசு, மாதா உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்கச் சொல்வார்கள், மறுத்தால் கிறிஸ்தவர் என்று பிடிப்பதற்காக. கடைசி வேதகலாபனையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியூர்களுக்குத் துரத்தினார்கள், தடை நீங்கிய 1873-க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அதே மனையை விலைக்கு வாங்கி, 1895-ல் கட்டத் தொடங்கி 1925-ல்தான் கோபுரங்களை முடித்தார்கள். நாகசாகி மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) யமகுச்சி அந்த மண்ணை விட மறுத்ததற்கு இதுதான் காரணம். குண்டில் பங்கு மக்கள் ஏறக்குறைய 12,000 பேரில் 8,500 பேர் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களுக்கு முதலில் பூசை காண ஒரு கோவில் வேண்டாமா?

பதில் (மெழுகுதிரி):
நியாயம்தான், ஆனாலும் ஒரு சுவரையாவது அதே இடத்தில் விட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சி. ஒரு துண்டை மட்டும் குண்டு வெடித்த இடத்துப் பூங்காவுக்கு மாற்றி வைத்தார்கள். சரி, மிச்சம் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். பெயர்ந்து உருண்ட மணிக்கூண்டின் குவிமாடம் கோவிலுக்குக் கீழே சரிவில் இன்னும் கிடக்கிறது. உள்ளே சிற்றாலயத்தில் மரத்தாலான மாதா சொரூபத்தின் தலை மட்டும் இருக்கிறது, கண் இருந்த இடம் வெறும் குழி, கன்னம் கருகியிருக்கும். குண்டு விழுந்த அன்று மாதா விண்ணேற்புத் திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய வந்திருந்தவர்களும் குருக்கள் இருவரும் உள்ளேயே இறந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு அதைப் பாருங்கள்.

பதில் (பனங்காடு):
மணியை விட்டுவிட்டீர்களே! பேராலயத்தின் இரண்டு மணிகளில் ஒன்று உடையாமல் கிடைத்தது, 1945 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவே அதை அடித்தார்கள். மற்றதற்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் நிதி திரட்டி ஒன்று கொடுத்தார்கள், 2025 ஆகஸ்ட் 9 அன்று, குண்டு வெடித்த அதே 11:02-க்கு இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

வழிப்போக்கன்:
மிதிக்கச் சொன்ன இடம் என்பது எனக்குத் தெரியாது. இப்போது ஆயரின் பிடிவாதம் புரிகிறது. சுவர் விஷயத்தில் மட்டும் நான் மெழுகுதிரி பக்கம்தான்.